கொறஞ்ச பைசால நல்ல ஜப்பான் கத்தி வாங்குறது எப்படி? புதுசா கிச்சனுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துல இருந்து பாறசாலை தாண்டி கோவளத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓட்டல் கிச்சன் வேலைக்குப் போற பிள்ளைங்க நெறைய உண்டு, கேட்டரிங் முடிச்சுட்டு கப்பலுக்கோ கல்ஃபுக்கோ போகக் காத்திருக்கிறவங்களும் உண்டு. இவங்க கேக்குறது பெரும்பாலும் ஒண்ணுதான், "அண்ணே, ஒரு நல்ல ஜப்பான் கத்தி வாங்கணும், வெலைய பாத்தா பயமா இருக்கு, எங்க கொறஞ்சு கிட்டும்?" இதுக்கு ஒரு கடை பேரச் சொல்லி முடிச்சுட முடியாது. கொறஞ்ச வெலைக்கு கத்தி கிட்டுறது வேற, அந்தக் கத்தி பத்து வருஷம் கையில நின்னு ஒழைக்கிறது வேற, ரெண்டும் சேந்தாத்தான் அது டீல். அதனால வரிசையா சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல, எதை வெட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

கடைய தேடுறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும். ஒரு நாள் ஃபுல்லா நீங்க கிச்சன்ல எதை வெட்டுறீங்கன்னு கவனிச்சு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அவியலுக்கு நீளவாக்குல காய், சவாள, தக்காளி, இஞ்சி, எலும்பில்லாத கோழி, இதுதான் முக்கால்வாசின்னா உங்களுக்கு வேணும்ங்கிறது கியூட்டோ, அதுலயும் 210 மில்லிமீட்டர். ஜப்பான்காரங்க ஐரோப்பா செஃப் கத்திய பாத்து தங்களுக்கு ஏத்த மாதிரி மெல்லிசா மாத்திக்கிட்டதுதான் கியூட்டோ. 240 ஓட்டல் வேலைக்கு நல்லது, ஆனா நம்ம பக்கத்து வீட்டு அடுக்களைல அது திண்ணைய விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், வெலையும் கூடும். காய் மட்டும்னா நகிரி, அது நேர் விளிம்பு, நுனி இல்லாம சதுரமா இருக்கும். பழம், பூண்டு, சின்ன வேலைக்கு பெட்டின்னு ஒரு கத்தி உண்டு, 120ல இருந்து 150 வரைக்கும்.

மீன் வெட்டத்தான் வேணும்னா டேபா, அது முதுகு தடிமனா வெயிட்டா இருக்கும், மீன் தலைய வெட்டி முள்ளுல இருந்து சதைய எடுக்கச் செஞ்சது. யானகிபா நீளமா ஒல்லியா இருக்கும், சமைக்காத மீன் சதைய ஒரே இழுப்புல சீவுறதுக்கு. இந்த ரெண்டும் ஒரு பக்கம் மட்டும் சரிவு வச்ச கத்தி, தீட்டுறதுக்கு தனிப் பழக்கம் வேணும், இடது கைக்காரங்களுக்குன்னு தனியா செய்யணும், அதனால இடது கை மாடல் வெல கூடுதல். சுஷி கிச்சன்ல வேலை இல்லாத ஒருத்தர் முதல் கத்தியா யானகிபா வாங்க வேண்டியதே இல்லைங்கிறது என்னோட கருத்து.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடுறேன். எலும்பு, தேங்கா, மரச்சீனி, டேபா இல்லாட்டி பெரிய மீன் தலை, இதெல்லாம் ஜப்பான் கத்திக்கு வேலையே இல்ல. அதுக்கு நம்ம ஊரு இரும்பு ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சுத் தர்ற வெட்டுகத்தி இருக்கே, அதை விட நல்லது எங்கயும் கிட்டாது. அந்த ஸ்பிரிங் ஸ்டீல் அடி தாங்கும், விளிம்பு மடங்கினாலும் ஒடையாது. ஜப்பான் கத்தி அப்படி இல்ல, இரும்பு கடினமா இருக்கும், மெல்லிசாவும் இருக்கும், எலும்புல பட்டா விளிம்புல பொடிப்பொடியா செதில் போயிடும். வீட்டுல ஒரு நல்ல வெட்டுகத்தியும் ஒரு அருவாமணையும் இருந்தா வெளிநாட்டுக் கத்தி ஒண்ணே ஒண்ணு போதும். ஒண்ணே ஒண்ணுன்னு வரும்போதுதான் மொத்த பட்ஜெட்டையும் அதுல போட முடியும். பதினஞ்சு பீஸ், பதினேழு பீஸ் செட்டுன்னு மரப்பெட்டியோட ஆஃபர்ல வர்றத தொடாதீங்க, அதுல நீங்க தெனமும் எடுக்கப் போறது ஒண்ணோ ரெண்டோதான், மத்ததுக்கெல்லாம் சேத்து பைசா குடுக்குறீங்க.

ரெண்டாவது, இரும்போட பேரப் படிக்கக் கத்துக்கோங்க

இதுலதான் புதுசா வர்றவங்க ரொம்ப ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். விளம்பரத்துல "ஜெர்மன் ஹை கார்பன் ஸ்டீல்"னு பெருசா போட்டிருப்பான், கீழ சின்னதா எக்ஸ்50சிஆர்எம்ஓவி15ன்னோ 1.4116ன்னோ இருக்கும். ரெண்டும் ஒரே இரும்புதான். அந்தப் பேருலயே வெவரம் இருக்கு, 50ன்னா கார்பன் 0.50 சதவீதம், கடைசில வர்ற 15 குரோமியம் 15 சதவீதம். துருப்பிடிக்காது, ஒடையாது, தீட்டுறது லேசு, ஆனா கூர்மை சீக்கிரம் போகும். கடினம் ராக்வெல் அளவுல 55ல இருந்து 58க்குள்ள இருக்கும். மோசமான இரும்புன்னு சொல்லல, ஓட்டல்ல நாள் பூரா அடிபடுற கத்திக்கு இது நல்லாவே தாங்கும், விக்டோரினாக்ஸ் கத்தியும் கிட்டத்தட்ட இந்த வகைதான். ஆனா இந்த இரும்புக்கு ஜப்பான் கத்தி வெல கேட்டா குடுக்காதீங்க.

ஜப்பான் பக்கம் வந்தா விஜி10ன்னு ஒண்ணு அதிகமா கண்ணுல படும். தகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல்னு ஃபுகுய் மாகாணத்துல இருக்கிற கம்பெனி செய்யுறது, கார்பன் 1 சதவீதம் போல, குரோமியம் 15 போல, கொஞ்சம் கோபால்ட்டும் உண்டு. 60 ராக்வெல் பக்கத்துல நிக்கும், துருவும் லேசுல பிடிக்காது. முதல் கத்திக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். இதே சேர்மானத்துல சீனாவுல செய்யுறத 10சிஆர்15ன்னு ஆரம்பிச்சு ஒரு நீளப் பேரு போட்டு விப்பாங்க, நல்லா சூடு பதம் பண்ணியிருந்தா அதுவும் நல்ல கத்திதான், வெல கொறவு.

அடுத்தது ஷிரோகாமி, அவோகாமின்னு கார்பன் இரும்பு, வெள்ளப் பேப்பர் நீலப் பேப்பர்னு சொல்லுவாங்க, ஷிமானே மாகாணத்துல யாசுகிங்கிற ஊர்ல செய்யுறது. இதைச் செய்யுற, முன்னாடி ஹிட்டாச்சி மெட்டல்ஸ்னு இருந்த கம்பெனி 2023ல இருந்து புரோட்டீரியல்னு பேரு மாத்திருச்சு, அதனால பழைய விளம்பரத்துல ஒரு பேரும் புதுசுல வேற பேரும் பாத்தா குழம்பாதீங்க. கூர்மைன்னா இதுதான் கூர்மை, தீட்டவும் சுகமா இருக்கும், இதே பைசாவுக்கு ஸ்டெயின்லெஸ்ல கிட்டாத ஒரு வெட்டு இதுல கிட்டும். ஆனா நம்ம இருக்கிற இடத்த யோசிங்க. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், விழிஞ்ஞம்னு கடக்காத்து அடிக்கிற ஊரு, ரெண்டு மழைக்காலம், அடுக்களைல புளியும் மாங்காயும் ஏத்தங்காயும். ஏத்தங்கா சீவி அஞ்சு நிமிஷம் அப்படியே வச்சா கத்தி கறுத்துப்போகும், சவாளையும் லேசா கறுக்கும். அந்தக் கறுப்பு ஒரு தோஷமும் இல்ல, நாள்பட நாள்பட அது ஒரு மேல் தோலு மாதிரி பிடிச்சு துருவத் தடுக்கும். செவப்பாத் துரு வந்தாத்தான் சிக்கல். வெட்டி முடிச்ச உடனே தொடச்சு வைக்கிற பழக்கம் உள்ளவங்க தைரியமா கார்பன் வாங்கலாம், மத்தவங்க விஜி10ஓ, ஜின்சான்னு துரு லேசுல பிடிக்காத இன்னொரு ஜப்பான் இரும்போ வாங்குங்க. நடுவுல ஒரு வழியும் உண்டு, வெளிப்பக்கம் ரெண்டும் ஸ்டெயின்லெஸ், நடுவுல விளிம்பு மட்டும் கார்பன், பாதி கவலை கொறையும்.

மூணாவது, வெலைல எது வெட்டுக்கு, எது கண்ணுக்குன்னு பிரிங்க

ஒரே இரும்பு, ஒரே பட்டறை, ஒரே நீளம், ஆனா ரெண்டு கத்திக்கு வெல வித்தியாசம் பாதிக்குப் பாதி இருக்கும். ஏன்னு பாத்தா ஒண்ணுல அலை அலையா டமாஸ்கஸ் கோடு, எருமைக்கொம்பு வளையம் போட்ட கருங்காலிப் பிடி, மரப்பெட்டி. அந்தக் கோடு சேலைக்கு ஜரிகை மாதிரி, அழகுதான், ஆனா வெட்டுறது நடுவுல இருக்கிற அந்த மெல்லிசு இரும்பு மட்டும்தான். கோடு இல்லாத மூணு அடுக்குக் கத்தி, சாதா மரப்பிடி, பிளாஸ்டிக் வளையம், கரி படிஞ்ச கறுப்ப அப்படியே விட்ட குரோஉச்சி ஃபினிஷ், இப்படி வர்றதுதான் பைசாவுக்கு ஏத்த கத்தி. டோஜிரோ கம்பெனியோட டிபி வரிசைய உலகம் பூரா புது ஆளுங்களுக்கு சொல்றதுக்கு காரணம் இதுதான், விஜி10 நடுவுல வச்சு மூணு அடுக்கு, மேக்கப் ஒண்ணும் கெடையாது.

டமாஸ்கஸ்னு சொல்லி மேல லேசர்ல கோடு வரைஞ்சு விக்கிறதும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி, விளிம்புப் பக்கம் உத்துப் பாருங்க. நெஜ அடுக்குல கோடு ஒரு எல்லைல நின்னு, அதுக்குக் கீழ நடு இரும்பு தனி நிறமா ஒரு பட்டையாத் தெரியும், ரெண்டு பக்கமும் கோடு ஒண்ணு போல இருக்காது. வரைஞ்ச கோடு விளிம்பு வரைக்கும் ஒரே மாதிரி ஓடும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அச்சடிச்ச மாதிரி இருக்கும், அதே மாடல்ல இன்னொரு கத்திய பாத்தா அதுலயும் அதே கோடு.

கம்பெனி பேரு விஷயத்துலயும் கவனம் வேணும். ஸ்விலிங் கம்பெனி கத்தில ரெட்டை ஆளு முத்திரை இருக்கும், ஹென்கெல்ஸ்னு ஒத்தை ஆளு முத்திரையோட வர்றது அதே வீட்டோட கொறஞ்ச வரிசை, பல நாட்டுல செய்யுறது. ஒத்தை ஆளு கத்திய ரெட்டை ஆளு வெலையோட ஒப்பிட்டு "60 சதவீதம் தள்ளுபடி"ன்னு போட்டா அது தள்ளுபடியே இல்ல. ஸோலிங்கன்னு ஊர் பேரு பொறிச்சிருந்தா அதுக்கு அர்த்தம் உண்டு, 1938ல இருந்தே ஜெர்மனில அந்தப் பேருக்கு சட்டப் பாதுகாப்பு இருக்கு, முக்கியமான வேலை அந்த ஊர்ல நடந்திருக்கணும். ஜப்பான்ல ஸகாய், செகி, தகேஃபு, ஸன்ஜோ, தோஸா இப்படி ஊர் ஊரா கத்தி மரபு இருக்கு, ஆனா "ஜப்பானீஸ் ஸ்டைல்"னு போட்டிருந்தா அது ஜப்பான்ல செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. எங்க செஞ்சது, என்ன இரும்பு, என்ன கடினம், மூணும் எழுதாத கத்திய வாங்காதீங்க.

நாலாவது, வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேர்ற வெலையக் கணக்கு போடுங்க

ஜப்பான் கடைல நேரா வாங்குறது சில சமயம் ரொம்ப லாபம். வெளிநாட்டுக்கு அனுப்புற கத்திக்கு அங்கத்த 10 சதவீத நுகர்வு வரி பொதுவா வராது, யென் மதிப்பு எறங்கி இருக்கிற நேரம் பாத்தா இன்னும் கொறையும். ஆனா அங்க காட்டுற வெல உங்க வெல இல்ல. கஸ்டம்ஸ்காரங்க கத்தி வெலையோட ஷிப்பிங், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டி அதுமேல வரி போடுவாங்க, அந்த வரியும் சேந்த தொகை மேல ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடுற ஜிஎஸ்டி வரும், கூரியர்ல வந்தா கூரியர் கம்பெனி வரிய முன்னாடி கட்டினதுக்கு தனியா ஒரு சார்ஜ் எடுக்கும், கார்டுக்காரன் வெளிநாட்டுக் கரன்சிக்குன்னு பெரும்பாலும் 2ல இருந்து 3.5 சதவீதம் எடுப்பான், அதுக்கும் ஜிஎஸ்டி உண்டு.

ஒரு பேச்சுக்கு கத்தி 8,000, ஷிப்பிங் 2,000ன்னு வச்சுக்கோங்க, மொத்தம் 10,000. வரியெல்லாம் சேத்து 30 சதவீதம்னு எடுத்தா 13,000, கார்டு, கூரியர் சார்ஜ் சேத்தா 14,000 பக்கம் போகும். இதே கத்தி இந்தியாவுல ஸ்டாக் வச்சிருக்கிற கடைல 13,000ன்னா இங்க வாங்குறதுதான் புத்தி, வாரண்டி, ரிட்டர்ன் ரெண்டும் கையில இருக்கும். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அதனால ஆர்டர் போடுற அன்னைக்கு கஸ்டம்ஸ் சைட்ல பாத்து கணக்கு போடுங்க. ரெண்டு பேரு சேந்து ஒரே பார்சல்ல வாங்கினா ஷிப்பிங் பாதியாகும்னு நெனைக்கலாம், அது சரிதான், ஆனா வரி பாதியாகாது. பில்லுல வெலய கொறச்சுப் போடச் சொல்லி கடைக்காரன் கிட்ட கேக்காதீங்க, பிடிபட்டா கத்தியும் போகும் அபராதமும் வரும், வழில தொலைஞ்சா கொறஞ்ச வெலைக்குத்தான் இன்சூரன்ஸ் கிட்டும். கிஃப்டுன்னு போட்டா வரி இல்லங்கிறது பழைய கதை, 2019 கடைசில இருந்து அந்த வழி ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர அடைச்சாச்சு. கூரியர்காரங்க ஆதாரோ பானோ கேப்பாங்க, பார்சல் பேரும் அடையாள அட்டை பேரும் ஒண்ணா இருக்கணும், நம்ம பக்கம் இனிஷியல்ல வர்ற கொழப்பத்துல பார்சல் நாள்கணக்கா நிக்கிறதுண்டு.

சட்டம் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, அதையும் தெளிவாச் சொல்லிடுறேன். 1959 ஆயுதச் சட்டத்துக்கு கீழ வர்ற 2016 விதிகள்ல 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியல்ல வரும், ஆனா வீட்டு உபயோகம், விவசாயம், விஞ்ஞானம், தொழிற்சாலை வேலைக்காக செஞ்ச கத்திக்கு அதுல இருந்து விலக்கு. 240 மில்லிமீட்டர்னா 9.4 இஞ்சு வரும், அதனால பில்லுல "சமையல் கத்தி"ன்னு தெளிவா எழுதச் சொல்லுங்க, மொட்டையா "கத்தி"ன்னு இருந்தா கேள்வி வரும். வேலைக்கு கொண்டு போகும்போது விளிம்புக்கு உறை போட்டு, துணி ரோல்ல சுத்தி, பையோட அடில வைங்க, ஓட்டல் ஐடி கார்டு கையில இருக்கட்டும். களியக்காவிளை செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்தி பைய பாக்குற நாள்ல இது ரொம்ப உதவும்.

அஞ்சாவது, எங்கெல்லாம் தேடணும்

நம்ம பக்கத்துக்கு உள்ள பெரிய வசதி, வீட்டுக்கு வீடு வெளிநாட்டுல ஒரு ஆளு இருக்கிறது. மாமனோ மச்சானோ துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ வரும்போது ஒரு கத்தி கொண்டு வரச் சொல்றது கூரியரை விட லாபம், ஏன்னா பயணி லக்கேஜுக்குன்னு வரி இல்லாத வரம்பு உண்டு, ஒரு கத்தி அதுக்குள்ள அடங்கும், மத்த சாமானையும் சேத்துக் கணக்கு பாக்கணும் அவ்வளவுதான். கத்தி செக்-இன் பெட்டிலதான் போகணும், கைப்பைல வச்சா ஏர்போர்ட்லயே பிடுங்கி போட்டுருவாங்க, இதை மாமன் கிட்ட ரெண்டு தடவ சொல்லுங்க. பில்லும் பெட்டியோட வரட்டும். யாராவது ஜப்பானுக்கே போறாங்கன்னா இன்னும் நல்லது, டோக்கியோல கப்பாபாஷின்னு ஒரு தெரு முழுக்க சமையல் சாமான் கடைதான், ஒசாகால டோகுயாசுஜி. 5,000 யென்னுக்கு மேல வாங்குற டூரிஸ்டுக்கு நுகர்வு வரி கெடையாது, 2026 அக்டோபர் வரைக்கும் கடைலயே கழிக்கிற முறை, 2026 நவம்பர் 1ல இருந்து முழு வெல கட்டிட்டு நாட்ட விட்டுக் கெளம்பும்போது திரும்ப வாங்குற முறை, அதனால பாஸ்போர்ட்டும் நேரமும் கையில வச்சுக்கணும்.

ஆன்லைன்ல இங்கயே வாங்குறதா இருந்தா ஒரு சின்ன விஷயம். எல்லையில இருக்கிறவங்களுக்கு ரெண்டு பின்கோடு வசதி உண்டு, குமரி மாவட்டத்து பின்கோடும் போட்டுப் பாருங்க, பாறசாலைல ஒரு சொந்தக்காரங்க வீட்டு பின்கோடும் போட்டுப் பாருங்க, சில சமயம் விக்கிற ஆளே மாறுவான், வெலையும் டெலிவரி நாளும் மாறும். வெலையோட பழைய வரலாறு காட்டுற ஆப் உண்டு, அதுல ஒரு வருஷத்து கோட்டப் பாருங்க. ஆஃபருக்கு முந்தின வாரம் வெலய ஏத்திட்டு ஆஃபர் அன்னைக்கு எறக்கிக் காட்டுறது அதுல அப்படியே தெரிஞ்சிரும். ஓணத்துக்கு முந்தின வாரங்கள், தீபாவளிக்கு முன்னாடி வர்ற பெரிய சேல், நவம்பர் கடைசில வெளிநாட்டுக் கடைங்களோட பிளாக் ஃப்ரைடே, இந்த மூணும் காத்திருக்கத் தகுந்த நேரம். நல்ல கைவினைப் பட்டறை கத்திக்கு ஆஃபர் கொறவாத்தான் வரும், அதுக்காக ஒரு வருஷம் காத்துக்கிட்டு மொட்டைக் கத்திய வச்சு கஷ்டப்படாதீங்க.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துலயும் எர்ணாகுளத்துலயும் ஓட்டல் சாமான் மொத்தமா விக்கிற கடைங்க உண்டு. அங்க போனா ஷோகேஸ்ல இருக்கிறத கேக்காதீங்க, "பழைய ஸ்டாக் இருக்கா சேட்டா, பெட்டி ஒடஞ்சது, டிஸ்ப்ளேல வச்சது ஏதாவது கிட்டுமா"ன்னு கேளுங்க. பெட்டி கிழிஞ்சதுக்கும் கொஞ்சம் அழுக்குப் பிடிச்சதுக்கும் நல்லா கொறைப்பாங்க, கத்திக்கு ஒரு கொறையும் இருக்காது.

ஆறாவது, செகண்ட் ஹேண்ட்

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான், நல்ல கத்தி பாதி வெலைக்கு வர்றது பெரும்பாலும் இங்கதான். கோவளத்துல சீசன் முடிஞ்சு ஆளுங்க கப்பலுக்கும் கல்ஃபுக்கும் மாறுற நேரத்துல, சிலரு வேற தொழிலுக்குப் போற நேரத்துல கத்திய விப்பாங்க. கிச்சன் ஆளுங்க கிட்ட சொல்லி வைங்க, கேட்டரிங் படிக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்லயும் வரும். ஆனா பாக்கத் தெரிஞ்சு வாங்கணும்.

கத்திய கையில வாங்கின உடனே முதல்ல முதுகு மேல கண்ண வச்சு பிடியில இருந்து நுனி வரைக்கும் ஒரு கண்ண மூடிப் பாருங்க, வளைவு, முறுக்கு இருந்தா தெரியும். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டோ நல்ல சமமான ஸ்டீல் மேஜையோ எடுத்து, விளிம்ப அதுமேல அழுத்தாம நிக்க வச்சு, பின்பக்கம் மொபைல் டார்ச்ச அடிங்க. கியூட்டோவ நுனிப் பக்கம் இருந்து பிடிப் பக்கம் வரைக்கும் மெல்ல உருட்டுங்க. விளிம்பு தொடுற எடத்துல வெளிச்சம் வரக்கூடாது. கோவளத்துல ஒரு சேட்டன் விக்கக் கொண்டு வந்த கத்தி இப்படித்தான், பாக்க கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, மேஜைல வச்சு உருட்டினா பிடிப் பக்கத்துல இருந்து ரெண்டு வெரல் தள்ளி ஒரு வெளிச்சக் கீத்து, அரிசி நீளத்துக்கு. இழுத்துத் தீட்டுற மிஷின்லயோ கிரைண்டர்லயோ போட்டு அந்த எடத்துல குழி விழுந்திருக்கு. அதை வச்சு மல்லித்தழ வெட்டினா அந்த எடத்துல மட்டும் வெட்டாம நூலு மாதிரி தொங்கும். சரி பண்ண விளிம்பு முழுக்க தேய்ச்சு எறக்கணும், கத்தியோட ஆயுசு அவ்வளவும் போச்சு.

விளிம்புப் பக்கத்துல நீலமாவோ பழுப்பாவோ வானவில் நிறம் தெரிஞ்சா வாங்கவே கூடாது. சாணை மிஷின்ல சூடேறி பதம் போயிருக்கு, கடினம் எறங்கிருச்சு, எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிக்காது. பிடியும் இரும்பும் சேர்ற எடத்த நகத்தால தட்டிப் பாருங்க, துரு உள்ள போயிருந்தா மரம் லேசா வீங்கி இருக்கும், கத்திய ஆட்டினா அசையும். ஜப்பான் மரப்பிடி மாத்துறது சுலபம், நம்ம ஊரு ஆசாரியே பண்ணித் தருவாரு, அதனால பிடி மட்டும் கெட்டிருந்தா பேரம் பேசி தைரியமா எடுங்க. நுனி ஒடஞ்சதும் அப்படித்தான், அஞ்சு மில்லிமீட்டருக்குள்ளன்னா முதுகுப் பக்கத்துல இருந்து தேய்ச்சு நுனி கொண்டு வந்துடலாம். மேல உள்ள கீறல், கறுப்பு, மங்கல் ஒண்ணும் பொருட்டே இல்ல, அதுக்கு பயந்து மத்தவங்க வேண்டாம்னு விட்டத நீங்க எடுங்க.

ஏழாவது, தீட்டுற கல்லுக்கு பைசா ஒதுக்குங்க

பட்ஜெட்ல அஞ்சுல ஒரு பங்கு கல்லுக்குன்னு முதல்லயே எடுத்து வைங்க. கல்லு இல்லாத ஜப்பான் கத்தி கொஞ்ச மாசத்துல சாதா பிச்சாத்திதான். 1000 கிரிட் (கல்லு எவ்வளவு நைஸுங்கிற எண், எண் கூடக் கூட நைஸு) ஒண்ணு கண்டிப்பா வேணும், ஒரு பக்கம் 1000 மறு பக்கம் 6000 உள்ள கிங்ங்கிற பிராண்டு கல்லு புதுசா பழகுறவங்களுக்குப் போதும். தெருவுல சாணை பிடிக்கிறவங்க கிட்ட குடுக்காதீங்க, அவங்க வேலை வெட்டுகத்திக்கும் அருவாமணைக்கும் சரி, மெல்லிசு விளிம்புக்கு அந்தச் சக்கரம் ஆகாது. ரெண்டு ரோலர் நடுவுல இழுக்குற சாதனமும் வேண்டாம். ஜெர்மன் கத்திக்கு பக்கத்துக்கு 20 டிகிரி போல வைப்பாங்க, ஜப்பான் கத்திக்கு 15 போல, 210 கத்தி அகலத்துக்கு முதுகு கல்லுல இருந்து ஒரு பெருவெரல் நுனி உள்ள போற அளவு உயர்ந்தா கிட்டத்தட்ட சரியா வரும். முதல்ல வீட்டுல உள்ள பழைய கத்தில பழகுங்க. வெட்டுற பலகை மரமோ நல்ல பிளாஸ்டிக்கோ, கிரானைட் திண்ணை மேலயும் கண்ணாடிப் பலகை மேலயும் வச்சு வெட்டுனா ஒரே நாள்ல விளிம்பு போகும். சக்கை வெட்டுறதா இருந்தா தேங்கா எண்ணெய் தடவிக்கோங்க, அப்புறமும் பால் ஒட்டினா எண்ணெய்த் துணியால தொடைங்க, சொரண்டாதீங்க.

கடைசியா, பார்சல் வந்த அன்னைக்கு

பெட்டிய பிரிக்கும்போதே ஃபோன்ல வீடியோ எடுங்க, லேபிள் தெரியணும், வெட்டாம ஒரே ஷாட்டா இருக்கணும். மேல சொன்ன முதுகுப் பார்வை, வெளிச்சச் சோதனை ரெண்டையும் புதுக் கத்திக்கும் பண்ணுங்க, புதுசுலயும் வளைவு வரும். விளிம்ப டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா சின்னச் செதில் போயிருந்தா பொட்டு மாதிரி மின்னும். அடுக்கு இரும்புன்னா முதுகுல கோடு கோடா அடுக்கு சேர்ற எடத்துல பிளவு இருக்கான்னு நகத்த ஓட்டிப் பாருங்க. இதெல்லாம் முடியிற வரைக்கும் ஒரு தக்காளி கூட வெட்டாதீங்க, தீட்டவும் செய்யாதீங்க, ஒரு தடவ உபயோகிச்சா பெரும்பாலான கடைங்க ரிட்டர்ன் எடுக்காது. கொறை இருந்தா ஃபோட்டோவோட அன்னைக்கே எழுதுங்க, ஜப்பான் கடைங்களுக்கு கூகுள்ல மொழிபெயர்த்த ஜப்பானீஸும் இங்கிலீஷும் ரெண்டும் சேத்து அனுப்பினா வேகமா பதில் வரும். திருப்பி அனுப்புற செலவு யாரோடதுன்னு முதல் மெயில்லயே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, கத்தி வெலைக்கு பாதி அதுலயே போகும், அதனால சின்னக் கொறைக்கு திருப்பி அனுப்பாம கொஞ்சம் பைசா திரும்பத் தரச் சொல்லிக் கேக்குறதுதான் பல சமயம் நல்லது.